பேட்டரி புதுசு, செல்ஃப் எடுக்கவில்லை: பழைய டிராக்டருக்கு முழு வயரிங்கும் மாற்றணுமா?

கேள்வி: அப்பா வாங்கிய மாஸி பெர்குசன் 1035 டிராக்டரை இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இன்ஜினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் 'டக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றுவிடுகிறது. சில நாள் மெதுவாகச் சுற்றி எடுக்கும், சில நாள் பக்கத்து வயல்காரரின் டிராக்டரைக் கூப்பிட்டு இழுக்க வேண்டும். கொஞ்ச காலத்துக்குள் இரண்டு பேட்டரி மாற்றியாகிவிட்டது. ஹெட்லைட்டும் மங்கல். போன வருஷம்தான் மட்கார்டு, பானெட், அடிப்பாகம் எல்லாம் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்தோம். பின்னால் ஓர் உழவு விளக்கும் பாட்டுப்பெட்டியும் வைத்தோம். எலக்ட்ரீஷியன், "ஒயர் பழசாகிவிட்டது, கரண்ட் தேய்கிறது, முழுக்க வீட்டு ஒயர் போட்டு மாற்றிவிடலாம்" என்கிறார். மச்சான், "பெரிய பேட்டரி போடு" என்கிறார். பழைய ஒயரில் கரண்ட் தேயுமா? யார் சொல்வதைக் கேட்பது?
— ஒரு விவசாயி, மன்னார்குடி வட்டம்

பதில்: நல்ல வேளையாக, கேட்காத விவரங்களையும் சேர்த்து எழுதியிருக்கிறீர்கள். உங்கள் டிராக்டரின் நோய்க்கான துப்பு கேள்வியில் இல்லை, அந்தப் பெயிண்ட் கதையில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் "பழைய ஒயரில் கரண்ட் தேயும்" என்ற நம்பிக்கை. கிராமத்துப் பட்டறைகளில் இதை அடிக்கடி கேட்கலாம். செம்புக்கு அப்படி ஒரு மூப்பு கிடையாது. ஐம்பது வருஷத்துக்கு முந்தைய செம்புக் கம்பி உள்ளே பளபளப்பாக இருந்தால், இன்று கடையில் வாங்கும் கம்பி அளவுக்கே அது மின்சாரத்தைக் கடத்தும். வயதாவது வேறு இரண்டு இடங்களில். ஒன்று, கம்பியின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை. இன்ஜின் சூட்டிலும் டீசல் பட்டும் அது விறைத்து வெடிக்கும், எலியும் கடிக்கும். இன்னொன்று, கம்பி முடிகிற இடம்: முறுக்கிவிட்ட முனை, போல்ட்டுக்கு அடியில் மாட்டிய லக் (கம்பி முனையிலுள்ள உலோக வளையம்), துருப்பிடித்த வாஷர். சேற்றுழவில் தெறிக்கும் தண்ணீரும் உரத்தூசியும் அங்கேதான் போய் உட்கார்ந்து களிம்பு ஏற்றுகின்றன. கம்பியின் நடுவில் கோளாறு வருவது அபூர்வம். நுனியில் வருவதுதான் வழக்கம். எனவே எலக்ட்ரீஷியன் ஒயரை மாற்றச் சொல்வதில் தவறில்லை. அவர் சொல்லும் காரணம்தான் தவறு. காரணம் தவறானால், புது ஒயரைக் கொண்டுபோய் அதே கெட்ட இடத்தில் மாட்டிவிட்டு வருவார்.

இனி, மின்சாரம் உங்கள் வண்டியில் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். பேட்டரியிலிருந்து ஒரு தடித்த கேபிள் செல்ஃப் மோட்டாருக்குப் போகிறது. அது நம் கண்ணுக்குத் தெரிகிற பாதை. மோட்டாருக்குள் போன மின்சாரம் பேட்டரியின் மறுமுனைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். அதற்குத் தனி ஒயர் கிடையாது; இன்ஜின், கியர் பாக்ஸ், பின் ஆக்சில் என்ற இரும்பு உடம்பே திரும்பும் பாதை. பேட்டரியின் ஒரு முனையை அந்த உடம்போடு போல்ட் போட்டு இணைத்திருப்பார்கள். அதைத்தான் 'எர்த்' என்கிறோம். பெயர் எர்த்தே தவிர மண்ணுக்கும் இதற்கும் தொடர்பில்லை. டயர் ரப்பர் மேல் நிற்கும் வண்டி அது. டெல்டாக்காரருக்கு இதை விளக்குவது சுலபம்: பாசன வாய்க்காலை எவ்வளவு தூர்வாரினாலும் வடிகால் அடைத்திருந்தால் வயலில் தண்ணீர் ஓடாது. பேட்டரி மாற்றுகிறவர்கள் எல்லோரும் வாய்க்காலையே பார்க்கிறார்கள்.

இப்போது பெயிண்ட். பேட்டரியின் எர்த் லக் உட்காரும் இடத்தில் இரும்பு வெறுமையாகப் பளிச்சென்று இருக்க வேண்டும். பெயிண்டர் பாவம், அவர் கண்ணுக்கு அதுவும் ஒரு துருப்பிடித்த இடம். சுரண்டி, பிரைமர் அடித்து, மேலே சிவப்புப் பெயிண்ட் பூசி, காய்ந்ததும் லக்கை அதன் மேல் வைத்து முடுக்கிவிடுவார். பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது. போல்ட்டின் மரை வழியாக மட்டும் கொஞ்சம் தொடர்பு இருக்கும். மட்கார்டும் பானெட்டும் அப்படியே. விளக்குகளின் திரும்பும் பாதை அந்தத் தகரங்கள் வழியாகத்தான் போகிறது. பெயிண்ட் அடித்த பிறகு உங்கள் செல்ஃபும் மந்தமாகி, ஹெட்லைட்டும் மங்கியிருந்தால், இரண்டுக்கும் பொதுவான சந்தேகம் இதுதான்.

"கொஞ்சம் தொடர்பு இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்பீர்கள். அங்கேதான் 12 வோல்ட்டின் குணம் தெரிய வேண்டும். மூன்று சிலிண்டர் டீசல் இன்ஜினைச் சுற்ற செல்ஃப் மோட்டார் 200 முதல் 300 ஆம்பியர் வரை இழுக்கும். ஆம்பியர் என்பது ஓடும் மின்சாரத்தின் அளவு. அதைத் தள்ளும் அழுத்தம் வோல்ட். தடுக்கும் தடை ஓம். ஆம்பியரை ஓமால் பெருக்கினால் அந்த இடத்தில் வீணாகும் வோல்ட் கிடைக்கும். எர்த் மூட்டில் வெறும் 0.01 ஓம் தடை இருக்கிறது என்று வையுங்கள். 200 ஆம்பியருக்கு 2 வோல்ட் அங்கேயே போய்விடும். 2 வோல்ட்டையும் 200 ஆம்பியரையும் பெருக்கினால் 400 வாட். அவ்வளவும் அந்த ஒரு போல்ட்டில் சூடாகிறது. செல்ஃப் அடித்தவுடன் எர்த் போல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பாதி விடை கிடைத்துவிட்டது. வீட்டில் 230 வோல்ட்டில் 2 வோல்ட் போனால் யாருக்கும் தெரியாது. இங்கே இருப்பதே 12.

இந்த 0.01 ஓமை நேரடியாக அளக்க முடியாது என்பதுதான் பலரை ஏமாற்றுகிறது. சாதாரண மல்டிமீட்டரை ஓம் பக்கம் வைத்தால் சுழியத்துக்குப் பக்கத்தில் ஏதோ காட்டும்; 'பீப்' என்று கத்தி 'தொடர்பு இருக்கிறது' என்றும் சொல்லும். டெஸ்ட் லாம்ப்பும் எரியும். கேபிளில் மற்ற எல்லா இழையும் அறுந்து ஒரே ஓர் இழை மிச்சமிருந்தால்கூட டெஸ்ட் லாம்ப் நன்றாக எரியும், ஏனென்றால் அதற்கு வேண்டியது மிகக் குறைந்த மின்சாரம். எனவே செல்ஃப் சுற்றும்போது, சுமை இருக்கும்போது, வோல்ட்டை அளக்க வேண்டும். மெக்கானிக்குகள் இதை 'வோல்டேஜ் டிராப்' பார்ப்பது என்பார்கள். வழியில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று பார்ப்பது, அவ்வளவுதான்.

செய்முறை இது. கியரை நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, பி.டி.ஓ. கழற்றிய நிலையில், இன்ஜின் ஸ்டாப் கம்பியை இழுத்துப் பிடிக்க ஒருவரை சீட்டில் உட்கார வையுங்கள். டீசல் போகாததால் இன்ஜின் எடுக்காது, வெறுமனே சுற்றும். மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, ஒரு குச்சியை பேட்டரியின் எர்த் முனையிலும், மற்றொன்றை செல்ஃப் மோட்டாரின் வெற்று இரும்பிலும் வையுங்கள். பேட்டரி முனை என்றால் ஈயத் தூணின் மேல், கிளாம்ப்பின் மேல் அல்ல. கிளாம்ப்புக்கும் தூணுக்கும் இடையிலேயே கோளாறு இருக்கலாம். ஐந்து விநாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த் நலம். அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் பாதையில் கோளாறு. அதேபோல் பேட்டரியின் மறுமுனைக்கும் செல்ஃபின் தடித்த போல்ட்டுக்கும் இடையே பாருங்கள். அங்கே அரை வோல்ட் வரை பொறுக்கலாம். கடைசியாக பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே. செல்ஃப் அடிக்கும்போது இது 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியைச் சந்தேகிக்கலாம். அது 11 வோல்ட்டில் அசையாமல் நிற்க, செல்ஃப் மட்டும் 'டக்' என்று நின்றால், பேட்டரி நிரபராதி. மின்சாரம் போக வழியில்லாததால்தான் அதன் வோல்ட் குறையாமல் நிற்கிறது. உங்கள் மச்சான் சொல்லும் பெரிய பேட்டரி இந்த நிலையில் ஒன்றும் செய்யாது.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். செல்ஃப் எடுக்காத டிராக்டரைக் கீழே நின்றபடி ஸ்குரூ டிரைவரால் செல்ஃப் மோட்டாரின் இரண்டு போல்ட்டுகளையும் தொட்டு ஸ்டார்ட் செய்கிற பழக்கம் ஊரெங்கும் இருக்கிறது. கியர் விழுந்திருந்தால் இன்ஜின் எடுத்த கணமே வண்டி நகரும்; நிற்கிற இடமோ பின் சக்கரத்துக்கு நேர் முன்னால். இதில் உயிர் போயிருக்கிறது. தயவுசெய்து வீட்டில் யாரையும் அப்படிச் செய்ய விடாதீர்கள்.

சரி, எர்த் கெட்டால் செல்ஃப் எடுக்காது. பேட்டரி ஏன் சாக வேண்டும்? இது இரண்டாவது கதை, அதற்கும் நீங்களே துப்புக் கொடுத்திருக்கிறீர்கள்: உழவு விளக்கு, பாட்டுப்பெட்டி. உங்களுடைய டிராக்டர் எந்த வருஷத்தது என்று எழுதவில்லை. இங்கே மாஸி பெர்குசன் டிராக்டர்களைச் செய்யும் டாஃபே நிறுவனம் 1960-இல் சென்னையில் தொடங்கப்பட்டது, வண்டிகளுக்கு மின்பாகங்கள் செய்யும் லூகாஸ் டி.வி.எஸ். 1961-இல் வந்தது. அந்தக் காலத்து வண்டிகளில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற்றியது டைனமோ. பிற்கால வண்டிகளில் ஆல்டர்னேட்டர். டைனமோ நீளமான உருளை. ஆல்டர்னேட்டர் குட்டையாக, காற்றோட்டத் துளைகளோடு இருக்கும். உங்களுடையது டைனமோ என்றால் கணக்கு இப்படிப் போகும். பழைய லூகாஸ் டைனமோக்களில் 11 ஆம்பியர் தருவதும் உண்டு, 22 ஆம்பியர் தருவதும் உண்டு. இரண்டு ஹெட்லைட், ஓர் உழவு விளக்கு, ஒவ்வொன்றும் 55 வாட் என்றால் மொத்தம் 165 வாட். 12 வோல்ட்டில் அது ஏறக்குறைய 14 ஆம்பியர். பாட்டுப்பெட்டியை நான் சேர்க்கவே இல்லை. சிறிய டைனமோவாக இருந்தால் முழு வேகத்தில் ஓடினாலும் மணிக்கு மணி பேட்டரியிலிருந்துதான் மிச்சம் போகிறது. வண்டியை ஐடிலில் நிறுத்திப் பேசிக்கொண்டிருக்கும்போது டைனமோ தருவது சுழியம். அப்போது பேட்டரி மின்சாரம் பின்னோக்கி டைனமோவுக்குள் பாயாமல் இருக்க 'கட்-அவுட்' என்ற சின்னப் பெட்டி இணைப்பைத் துண்டித்து வைக்கிறது. டைனமோ வேகமெடுத்ததும் அது மறுபடி சேர்க்கும்.

பாதி ஏறிய நிலையிலேயே கிடக்கும் ஈய பேட்டரியின் தகடுகளில் சல்பேட் என்ற வெள்ளை உப்பு கெட்டியாகப் படிந்துவிடும். அது படிந்த பகுதி திரும்ப வேலை செய்யாது. உங்கள் இரண்டு பேட்டரிகளும் இப்படிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். பார்ப்பது எளிது: இன்ஜினை அரை வேகத்தில் வைத்து, பேட்டரி முனைகளில் மீட்டர் வையுங்கள். 13.5 முதல் 14.5 வோல்ட் இருந்தால் சார்ஜ் ஏறுகிறது. பிறகு எல்லா விளக்கையும் போட்டுப் பாருங்கள். 13-க்குக் கீழே இறங்கினால் நான் சொன்ன கணக்கு உங்கள் வண்டியில் நடந்துகொண்டிருக்கிறது. உழவு விளக்கை 20 வாட் எல்.இ.டி. ஆக்கினாலே பாரம் நன்றாகக் குறையும். இரவு உழவு வழக்கமாக உண்டென்றால் ஆல்டர்னேட்டருக்கு மாறுவதை நான் ஆதரிப்பேன். அது ஐடிலிலும் சார்ஜ் ஏற்றும். மாற்றும் முன் ஒரு விஷயம்: டைனமோ காலத்துப் பழைய வண்டிகள் சிலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடம்போடு இணைந்திருக்கும். அதைக் கவனிக்காமல் ஆல்டர்னேட்டரை மாட்டினால் உள்ளே இருக்கும் டயோடுகள், அதாவது மின்சாரத்தை ஒரே திசையில் விடும் துண்டுகள், அந்த நொடியே கருகிவிடும்.

இனி உங்கள் எலக்ட்ரீஷியன் சொன்னது. முழு வயரிங் மாற்றலாமா? உறை வெடித்து, வழியெல்லாம் டேப் சுற்றி, நடுவில் நாலு ஒட்டுப் போட்ட வயரிங் என்றால் தாராளமாக மாற்றுங்கள். ஒவ்வோர் ஒட்டையும் தேடிச் சரிசெய்வதைவிட அது மலிவு. ஆனால் எர்த்தைச் சரிசெய்த பிறகே அதைத் தொடங்குங்கள். வீட்டு ஒயர் வேண்டாம். அது சுவருக்குள் அசையாமல் கிடப்பதற்குச் செய்தது. டிராக்டரின் அதிர்வில் தடித்த இழைகள் முனையில் ஒடியும், உறை டீசலுக்கும் சூட்டுக்கும் ஏற்றதல்ல. வண்டி ஒயரில் மெல்லிய இழைகள் நிறைய இருக்கும். எத்தனை வோல்ட் தாங்கும் என்று உறையில் எழுதியிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். நமக்கு வேண்டியது தடிமன். இரண்டு ஹெட்லைட்டுக்கும் சேர்த்து ஓடுவது ஏறக்குறைய 10 ஆம்பியர். போக வர 6 மீட்டர் நீளத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் ஒயர் போட்டால் வழியிலேயே 1.2 வோல்ட் போய்விடும். வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஹாலஜன் பல்பின் வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 2.5 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்குள் அடங்கும். பேட்டரி கேபிளும் எர்த் கேபிளும் 35-இலிருந்து 50 சதுர மில்லிமீட்டர் வரை இருக்கட்டும். இரண்டும் ஒரே தடிமன். எர்த் கேபிளில் மிச்சம் பிடிப்பவர்கள்தான் அதிகம்.

எர்த்தை எப்படி மாட்டுவது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேபிளை தகரத் தட்டிலோ மட்கார்டிலோ மாட்டாமல், செல்ஃப் மோட்டாருக்குப் பக்கத்தில் இன்ஜினின் வார்ப்பு இரும்பிலேயே ஒரு போல்ட்டைத் தேர்ந்தெடுங்கள். லக் உட்காரும் வட்டத்தை உப்புத்தாளால் வெள்ளி நிறம் வரும்வரை தேயுங்கள். லக்கின் இரண்டு முகத்தையும் தேயுங்கள். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். அதன் பற்கள் இரும்புக்குள் கடித்து உட்காரும். இறுக்கிய பிறகு மேலே கிரீஸோ வாசலினோ தடவுங்கள். தடவிவிட்டு இறுக்குவது கூடாது. லக்கைக் கம்பியோடு சேர்க்க கிரிம்பிங் கருவியால், அதாவது நசுக்கிப் பிடிக்கும் இடுக்கியால், அழுத்துவதுதான் சிறந்தது. ஈயப்பற்று வைத்த கம்பி பற்று முடியும் இடத்தில் விறைத்து, அதிர்வில் அங்கேயே ஒடியும். பேட்டரி கிளாம்ப்பைச் சுத்தியலால் தட்டி இறக்காதீர்கள். தூண் உள்ளே விரிசல் விடும்.

விளக்குகளுக்குத் தகரத்தை நம்பாமல் ஆளுக்கொரு கறுப்பு ஒயர் இழுத்து, எல்லாவற்றையும் அந்த வார்ப்பு இரும்பிலேயே ஓரிடத்தில் சேர்த்துவிடுங்கள். டிரெய்லருக்கும் இப்படியே. கொக்கி வழியாக எர்த் வரும் என்று விட்டால், கரும்பு ஏற்றிக் குலுங்கும்போது தொடர்பு விட்டுவிட்டு வரும். பிரேக் மிதித்தால் இண்டிகேட்டர் மங்குவது, இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட் சேர்ந்து மினுக்குவது எல்லாம் இதனால்தான். தன் வழி அடைபட்ட மின்சாரம் பக்கத்து பல்புகள் வழியாகத் திரும்பப் பார்க்கிறது. பழைய லைட் ஸ்விட்ச் வழியாக 10 ஆம்பியரையும் ஓடவிடாமல் ஒரு ரிலே வையுங்கள். சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச் அது. விலை குறைவு, பலன் அதிகம்.

ஃபியூஸ் போனால் கம்பி இழையைச் சுற்றிவைப்பது இன்னொரு தவறான பழக்கம். ஃபியூஸ் விளக்கைக் காப்பாற்ற வைத்தது என்று நினைப்பதால் வருவது இது. அது காப்பாற்றுவது ஒயரை. 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்கு 15 ஆம்பியர், 1.5-க்கு 10 ஆம்பியர் போதும். பேட்டரிக்கு எவ்வளவு பக்கத்தில் ஃபியூஸ் பெட்டி இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அதற்கு முன்னாலுள்ள ஒயருக்குப் பாதுகாப்பு இல்லை. எலி உறையைக் கடித்து ஒயர் இரும்பில் பட்டால், ஃபியூஸ் இருந்தால் விளக்கு அணையும், இல்லாவிட்டால் டீசல் டேங்கின் பக்கத்தில் ஒயர் எரியும்.

நிறத்துக்கும் ஒரு வார்த்தை. லூகாஸ் மரபில் பேட்டரியிலிருந்து நேராக வருவது பழுப்பு, சாவி வழியாக வருவது வெள்ளை, சாவியும் ஃபியூஸும் கடந்தது பச்சை, ஹெட்லைட் நீலம், டெயில் லைட் சிவப்பு, எர்த் கறுப்பு. எல்லாவற்றுக்கும் சிவப்பு ஒயரே போட்டுவிட்டுப் போகும் எலக்ட்ரீஷியனை அனுமதிக்காதீர்கள். நாளை இன்னொருவர் வந்து தேட வேண்டும். பழைய ஒயரைக் கழற்றும் முன் எது எங்கே போகிறது என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளச் சொல்லுங்கள். புது ஒயரைச் சைலன்சரிலிருந்து தள்ளி, உறைக்குழாய்க்குள் விட்டு, தகரத் துளைகளில் ரப்பர் வளையம் வைத்துக் கொண்டுபோகட்டும்.

எந்த வேலையைத் தொடங்கினாலும் பேட்டரியின் எர்த் முனையை முதலில் கழற்றி, எல்லாம் முடிந்த பிறகு கடைசியாக மாட்டுங்கள். வரிசை மாறினால் மறுமுனையைக் கழற்றும் ஸ்பேனர் வண்டி உடம்பில் பட்டுப் பொறி பறக்கும். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கக்கூடும். எர்த்தைத் தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் நான் சொன்ன இடங்களில் வோல்ட் அளந்து எழுதி அனுப்புங்கள். அந்த எண்களைப் பார்த்தால் முழு வயரிங்குக்கும் ஆல்டர்னேட்டருக்கும் பணம் செலவழிக்க வேண்டுமா, ஓர் எர்த் கேபிளோடு முடித்துக்கொள்ளலாமா என்று அடுத்த இதழில் உறுதியாகச் சொல்லிவிடலாம்.